மண்ணும் மரமும்: வாசகர் கேள்விகள்

எலஹங்காவில் எங்கள் லேஅவுட்டின் தாழ்ந்த மூலையில், ஏரியை ஒட்டி ஒரு சின்னத் தோப்பு. செப்டம்பர் மழைக்குத் தேங்கும் தண்ணீர் பொங்கல்வரை வடிவதில்லை. வைத்த வேம்பும் சில்வர் ஓக்கும் பட்டுப்போயின. நாலு லோடு செம்மண் அடித்து மேடாக்கலாமா?
– ஒரு வாசகி, எலஹங்கா

அடிக்க வேண்டாம். ஏற்கெனவே நிற்கும் மரங்களின் வேர்மேல் அரையடி மண் ஏறினாலே மூச்சுத் திணறும். தண்ணீரும் எங்கும் போய்விடாது, பக்கத்து மனைக்குப் போகும்.

தண்ணீர் வற்றியதும் இரண்டடிக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். மண் சாம்பல் நிறமாக, நடுநடுவே துருப்பிடித்த புள்ளிகளோடு இருந்தால் அங்கே மாதக்கணக்கில் காற்று நுழைவதில்லை என்று அர்த்தம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பை இழக்கிறது. பழைய வேர்த்துளை வழியாகக் காற்று இறங்கிய இடத்தில் மட்டும் மறுபடி துருவாகிறது. ஏரி வண்டல் இயல்பாகவே கருத்திருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், துருப்புள்ளியைத் தேடுங்கள். அழுகிய முட்டை நாற்றமும் அடித்தால் சந்தேகமே இல்லை.

சாம்பல் நிறம் ஓரடிக்குள்ளேயே தொடங்கினால் வேம்பை மறந்துவிடலாம். நீர்மருது, நாவல், புங்கன், நீர்க்கடம்பு வையுங்கள். நம்ம பெங்களூர் நர்சரியில் கன்னடத்தில் ஹொளெ மத்தி, நேரளெ, ஹொங்கெ என்று கேட்டால் முதல் மூன்றும் சட்டென்று கிடைக்கும்.

நடும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். களிமண்ணில் மூன்றடிக் குழி வெட்டி எருவை நிரப்பினால் அது வாளி மாதிரி தண்ணீரைப் பிடித்துவைக்கும். எரு மக்கும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். குழிக்குப் பதில் மேடு போடுங்கள். மண் காய்ந்திருக்கும்போது ஐந்தடி அகலத்துக்குக் கொத்தி, சுற்றியுள்ள மண்ணையே அள்ளி ஒன்றரையடி உயர்த்தி, அதன் உச்சியில் கன்றை வையுங்கள். மக்கிய எரு மேலாக மட்டும், தண்டில் படாமல். ஜூனில் நட்டால் செப்டம்பர் பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஈரக்களியை மிதித்து வேலை செய்தால் அது இறுகி, நிலைமை இன்னும் மோசமாகும்.

தேங்கிய நீரில் எண்ணெய் போல வானவில் படலம். சாக்கடை கலந்துவிட்டதா?
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, உடைந்தபடியே மிதந்தால் அது இரும்பு பாக்டீரியா, பயமில்லை. சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். ஆனால் சாக்கடை கலந்ததா என்பதற்குப் படலம் சாட்சியல்ல. நுரையையும் நாற்றத்தையும் பாருங்கள், மழையில்லாத நாளிலும் தண்ணீர் வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள்.

தோப்புக் குட்டையில் கொசு வராமலிருக்க கப்பி மீன் விடலாமா?
– ஒரு வாசகர், அல்சூர்

கோடையில் வற்றும் குட்டையில் விடாதீர்கள். மீனில்லாததால்தான் தவளைகள் அங்கே முட்டையிடுகின்றன. கப்பி தலைப்பிரட்டைக் குஞ்சுகளையும் விட்டுவைக்காது. கொசுப்புழுவைத் தின்னத் தட்டான் புழுக்கள் உண்டு. வெயில் காலத்தில் கொசு முட்டை ஏழெட்டு நாளிலேயே பறக்கும் கொசுவாகிவிடும், அதனால் சுற்றிக் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் கப்பை வாரந்தோறும் பொறுக்குங்கள். டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் அவற்றில்தான் பெருகுகிறது.

கர்நாடகத்திலேயே சதுப்புக் காடு இருக்கிறதாமே? அங்கிருந்து கன்று கொண்டுவந்து இங்கே வைத்தால் பிழைக்குமா?
– ஒரு வாசகி, ஜெயநகர்

இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டம் சித்தாபுரம் தாலுகாவில், ஷராவதி ஆற்றுப் படுகையிலுள்ள கத்தலேகான் காடு. காட்டு ஜாதிக்காய் இன மரங்கள் நிற்கும் சதுப்பு. ஒரு மரம் சேற்றிலிருந்து முழங்கால் மடக்கியது போல வேரை வெளியே நீட்டி மூச்சு விடும். இன்னொன்று முட்டுக்கொடுத்த கால்களில் நிற்கும். செமெகார்பஸ் கத்தலேகானென்சிஸ் என்ற மரத்தை அங்கே கண்டு, அறிவியல் உலகுக்கு 2000-இல்தான் அறிமுகப்படுத்தினார்கள். இப்படிப்பட்ட சதுப்புகள் பல பாக்குத் தோட்டமாகவும் வயலாகவும் மாறிவிட்டன.

கன்று பிழைக்காது. அங்கே தண்ணீர் ஆண்டு முழுக்க மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும், நிழலும் அடர்த்தி. நம் தோப்பு மண் மார்ச் மாதமே காய்ந்து வெடித்துவிடும். அந்த மரங்களின் விதையும் காய்ந்தால் முளைக்காது. காட்டிலிருந்து கன்று பிடுங்குவது சட்டப்படியும் குற்றம்.