அட்டைப்படம் தயார், தட்டுதான் வரவில்லை

கேள்வி: ஜாஸ் பற்றி எழுதும்போதெல்லாம் டீனா புரூக்ஸ், ஹெர்பி நிக்கல்ஸ் என்று யாருக்கும் தெரியாத பெயர்களாகவே எடுத்துவிடுகிறீர்கள். என்னிடம் மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன், ஜிம்மி ஸ்மித்தின் ‘தி சர்மன்’ எல்லாம் இருக்கின்றன. எனக்கு அது போதும். உண்மையிலேயே பெரிய கலைஞர்கள் என்றால் காலம் அவர்களைக் கைவிட்டிருக்குமா? மறக்கப்பட்டவர்களைத் தேடித் தேடிப் பாராட்டுவது ஒருவித மேதாவித்தனம்தானே?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: மேதாவித்தனம் என்ற குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாரிடமும் இல்லாத தட்டு தன்னிடம் இருக்கிறது என்பதற்காகவே அதைத் தூக்கிவைத்துப் பேசுகிற ஆசாமிகள் உண்டு. அவர்கள் அதை உறையிலிருந்து வெளியே எடுப்பதுகூட இல்லை. கீறல் விழுந்தால் விலை போய்விடுமாம். மறக்கப்பட்டவர்கள் எல்லோரும் மேதைகளும் அல்ல. ஐம்பதுகளில் நியூயார்க்கில் பதிவானவற்றில் சுமாரான தட்டுகள் ஏராளம். அவற்றை யாரும் தேடாததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ‘காலம் கைவிட்டிருக்குமா’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. காலம் என்று ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, வந்த தட்டையெல்லாம் போட்டுக் கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்ன? அப்படியே இருந்தாலும், தட்டு கடைக்கு வந்தால்தானே அவர் கேட்க முடியும்?

1960 ஜூன் மாதத்தில் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். இடம் நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடம். (பல வருடங்கள் பகலில் கண் பரிசோதனை, மிச்ச நேரத்தில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு என்று காலம் தள்ளிவிட்டு, தனிக் கூடம் கட்டிக்கொண்டவர்.) 19ஆம் தேதி, ஃப்ரெடி ஹப்பர்ட் என்ற 22 வயது டிரம்பெட்காரர் ப்ளூ நோட் கம்பெனிக்காகத் தன் முதல் தட்டைப் பதிவு செய்கிறார். பெயர் ‘ஓப்பன் செசமி’. டெனர் சாக்ஸபோன் டீனா புரூக்ஸ். பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நிஜப்பெயர் ஹெரால்டு, சிறுவயதில் பொடியனாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் இது. தட்டின் தலைப்பாக அமைந்த மெட்டும் ‘ஜிப்சி புளூ’ என்ற மெட்டும் புரூக்ஸ் எழுதியவை. ஆறு நாள் கழித்து 25ஆம் தேதி, அதே கூடம். இப்போது தலைமை புரூக்ஸ், டிரம்பெட் ஹப்பர்ட். ‘ட்ரூ புளூ’ பிறந்தது. ஆறு உருப்படிகளில் ஐந்து புரூக்ஸின் சொந்தச் சரக்கு. கம்பெனி வரிசையில் ஒன்று 4040, மற்றது 4041.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஹப்பர்ட் மத்தாப்பு மாதிரி. எழுந்த உடனே வெளிச்சம். புரூக்ஸ் வேறு ரகம். ‘குட் ஓல்டு சோல்’ உருப்படியில் அவர் ஊதத் தொடங்கினால், ஒரு வரி எங்கே முடியும் என்று நமக்குத் தெரியாது. முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும் இடத்தில் ஒரு திருப்பு திருப்பி, இன்னும் நாலடி நடப்பார். குரலை உயர்த்துவதில்லை. கொஞ்சம் சோகம் உண்டு, ஆனால் அதைக் காட்டிக் காசு பண்ணுகிற சோகம் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? ஹப்பர்ட் அடுத்த வருடமே டிரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் சேர்ந்தார், உலகம் அறிந்தது. புரூக்ஸின் தலைமையில் ப்ளூ நோட் 1958 முதல் 1961 வரை நான்கு தடவை ஒலிப்பதிவு செய்தது. அவர் உயிரோடு இருந்தவரை கடைக்கு வந்தது ‘ட்ரூ புளூ’ ஒன்றுதான். ‘பேக் டு த ட்ராக்ஸ்’ என்ற தட்டுக்கு அட்டைப்படம் தயார், 4052 என்று எண்ணும் கொடுத்தாயிற்று. தட்டுதான் வரவில்லை. 1961க்குப் பிறகு அவருக்கு ஒலிப்பதிவே இல்லை. ஹெராயின் பழக்கம் வேறு. 1974இல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். வெளியே வராத தட்டைக் காலம் எந்தக் காதால் கேட்டு நிராகரித்தது, சொல்லுங்கள்.

கம்பெனியை வில்லனாக்கவும் மனம் வரவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன், பிரான்சிஸ் உல்ஃப் என்ற இரண்டு நண்பர்கள் நடத்திய சின்ன நிறுவனம் அது. ஒத்திகைக்குக்கூடக் காசு கொடுத்தவர்கள். கையில் இருந்த பணத்துக்கு வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். கம்பெனி கைமாறியது, டேப்புகள் கிடங்கில் கிடந்தன. எழுபதுகளில் மைக்கேல் கஸ்குனா என்பவர் அந்தக் கிடங்குக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். புரூக்ஸின் நான்கு பதிவுகளும் ஒரே பெட்டியாக 1985இல் வந்தன. ஆக, காலம் என்று நீங்கள் சொல்கிறவருக்கு ஒரு பெயர் உண்டு: கஸ்குனா. அவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஹெர்பி நிக்கல்ஸ் கதை இன்னும் வேடிக்கை. பில்லி ஹாலிடே பாடிய ‘லேடி சிங்ஸ் த ப்ளூஸ்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மெட்டு இந்த மனிதருடையது. வார்த்தைகள் மட்டும் ஹாலிடே எழுதியவை. 1955, 56இல் ப்ளூ நோட்டுக்காக மூன்று பேர் குழுவோடு பியானோ வாசித்துப் பதிவு செய்தார். டிரம்ஸில் சில நாள் ஆர்ட் பிளேக்கி, சில நாள் மேக்ஸ் ரோச். ‘ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார். கேட்டால், விருந்துக்கு அழைப்பு இல்லாமல் வாசலில் தயங்கி நிற்பவன் மாதிரி இருக்கிறது. இப்படி எழுதத் தெரிந்தவர், வயிற்றுப்பாட்டுக்குப் பழைய பாணி டிக்ஸிலேண்டு குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 1963இல் ரத்தப் புற்றுநோய், வயது 44.

யூட்டா ஹிப்பையும் சொல்லிவிடுகிறேன். லைப்சிக்கில் பிறந்த பியானோக்காரி. 1955இல் நியூயார்க் வந்தார், 1956இல் ப்ளூ நோட்டில் தட்டுகள் வந்தன. சில வருடங்களில் இசையை விட்டுவிட்டுத் தையல் ஆலை வேலைக்குப் போனார், முப்பத்தைந்து வருடம் அங்கேயே. ராயல்டியை எங்கே அனுப்புவது என்று கம்பெனிக்கே நெடுங்காலம் தெரியவில்லை.

இன்னொன்று: உங்கள் காலம் ஊருக்கு ஊர் மாறுகிறது. சானி கிளார்க் என்ற பியானோக்காரரின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ தட்டு அமெரிக்காவில் பெரிதாக விற்கவில்லை. ஜப்பானில், காபி வாங்கிக்கொண்டு பேசாமல் தட்டு கேட்பதற்கென்றே இருக்கும் ஜாஸ் காபிக் கடைகளில், அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அப்போது எந்தக் காலத்தின் தீர்ப்பை நான் எடுத்துக்கொள்ள வேண்டும்? நியூயார்க் காலமா, டோக்கியோ காலமா?

மைல்ஸும் கோல்ட்ரேனும் போதும் என்றால் போதும், சரி. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ‘தி சர்மன்’ உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருபது நிமிடம் ஓடும் அந்தத் தலைப்பு உருப்படியை இன்று ராத்திரி ஒரு தடவை போடுங்கள். அதில் வரும் டெனர் சாக்ஸபோன் யாருடையது என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கடிதம் எழுதுங்கள்.