ஒரே லேப்டாப்பில் ஐந்து சர்வர்

கேள்வி: வெப் டெவலப்பராக இருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குவது) கற்க ஆசை. பழைய பேப்பர்களைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வருகிறது. எங்கே தொடங்கலாம்? நிறைய கம்ப்யூட்டர் வேண்டுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஒரு லேப்டாப் போதும். ஐந்து சர்வரும் அதற்குள்ளேயே ஓடும். மெசேஜைத் தொலைப்பது, தாமதப்படுத்துவது, வரிசை மாற்றுவது எல்லாம் டெஸ்ட் புரோகிராமின் வேலை.

கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய, நேரமும் நிகழ்வுகளின் வரிசையும் பற்றிய பேப்பரில் தொடங்குங்கள். முதல் பாதி மட்டும். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று செங்குத்துக் கோடுகள். அவைதான் மூன்று ப்ராசஸ், அதாவது தனித்தனியாக ஓடும் புரோகிராம்கள். பத்துப் பன்னிரண்டு நிகழ்வுகளைப் புள்ளியாக வைத்து, மெசேஜ்களை அம்புக்குறியாக வரையுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் எண்ணில் ஒன்று கூட்டவும். மெசேஜ் வந்தால், கையிலுள்ள எண், வந்த எண் இரண்டில் பெரியதோடு ஒன்று. முடித்ததும் பாருங்கள்: சின்ன எண் கொண்ட நிகழ்வு, பெரிய எண் கொண்டதற்கு முன் நடந்தது என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து 1985-ல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் எழுதியது. முடிவை மட்டும் படித்தால் போதும்: தாமதத்துக்கு வரம்பில்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு ப்ராசஸ் சாகலாம் என்றாலும், ரேண்டம் இல்லாத எந்த அல்காரிதமும் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தர முடியாது. பல சர்வர்கள் ஓட்டுப் போட்டு ஒரு லீடரைத் தேர்ந்து, ஒரே முடிவுக்கு வரும் முறைதான் ராஃப்ட். அதில் டைம்அவுட்டை (லீடரிடமிருந்து தகவல் வராவிட்டால் தேர்தலுக்கு முன் காத்திருக்கும் நேரம்) ஏன் ரேண்டமாக வைக்கிறார்கள் என்பது பிறகு தானாக விளங்கும். ஒரே முடிவுக்கு வர இன்னொரு முறை பாக்ஸோஸ். 1998-ல் வெளியான அதன் பேப்பர் கிரேக்கத் தீவுக் கதை. ரசிக்கலாம், அதை வைத்துக் கோட் எழுதுவது பெரும்பாடு. நேரே 2014 ராஃப்ட் பேப்பருக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ராஃப்ட் பயிற்சியைச் செய்கிறேன். டெஸ்ட் பத்து முறை ஓடினால் ஒருமுறை ஃபெயில். திரும்ப ஓட்டினால் பாஸ். கண்டுகொள்ளாமல் விடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: விடாதீர்கள், அது கோடில் உள்ள பிழைதான். முதலில் பயிற்சி எழுதப்படும் கோ மொழியின் ரேஸ் டிடெக்டரை (ஒரே டேட்டாவை ஒரே சமயத்தில் இரண்டு பகுதிகள் தொடுவதைக் காட்டும் கருவி) போட்டு ஓட்டுங்கள். பிறகு ராத்திரி முழுக்க லூப்பில் விட்டு, ஃபெயிலான ஓட்டத்தின் லாக்கை மட்டும் சேமியுங்கள். ஒவ்வொரு வரியிலும் சர்வர் எண், டேர்ம் (தேர்தலுக்குத் தேர்தல் கூடும் எண்), அப்போதைய நிலை இருக்க வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு இருக்கும் இடங்கள்: மியூடெக்ஸைப் (டேட்டாவுக்கான பூட்டு) பிடித்துக்கொண்டே ஆர்.பி.சி. (மற்ற சர்வருக்கான அழைப்பு) அனுப்புவது. பழைய டேர்மில் கேட்டதற்கு இப்போது வந்த பதிலை அப்படியே நம்புவது. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் எலெக்ஷன் டைமரை ரீசெட் செய்வது. ஓட்டுப் போட்டால்தான் ரீசெட். ராஃப்ட் பேப்பரில் உள்ள 150–300 மில்லிசெகண்ட் டைம்அவுட் இங்கே சரிவராது. பயிற்சி நொடிக்குப் பத்து ஹார்ட்பீட்டுக்கு (‘இருக்கிறேன்’ என்று லீடர் அனுப்பும் மெசேஜ்) மேல் விடாது, ஆகவே டைம்அவுட்டைக் கூட்டுங்கள். ஆனால் ஐந்து நொடிக்குள் புது லீடர் வந்தாக வேண்டும். டேர்ம், யாருக்கு ஓட்டு, ராஃப்ட் லாக் (வந்த கட்டளைகளின் பட்டியல்) மூன்றையும் பதில் அனுப்புமுன் சேமிக்கவும். பழைய டேர்மில் அந்தப் பட்டியலில் ஏறிய என்ட்ரியை, மெஜாரிட்டியை மட்டும் எண்ணி கமிட் (இனி மாறாது என்று உறுதி) செய்யக் கூடாது. ராஃப்ட் பேப்பரின் எட்டாவது படம் சொல்வது அதைத்தான்.

இது தேறினால் அடுத்து கீ-வேல்யூ ஸ்டோர், அதாவது பெயரைக் கொடுத்து மதிப்பைச் சேமிக்கும், எடுக்கும் எளிய டேட்டாபேஸ். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ போன் கட்டானால், நாம் சொன்னது போய்ச் சேரவில்லையா, பதில்தான் வரவில்லையா என்று தெரியாதல்லவா? கிளையன்ட்டுக்கும் அதே நிலைதான், திரும்ப அனுப்பும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்ட் எண்ணும் வரிசை எண்ணும் கொடுத்து, கடைசியாகச் சொன்ன பதிலையும் சேர்த்து ஒரு டேபிளில் வையுங்கள். அந்த டேபிள் ஸ்னாப்ஷாட்டிலும் (அவ்வப்போது சேமிக்கும் மொத்த நிலை) போக வேண்டும். இல்லையென்றால் சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் ஒரே அப்பெண்ட் (இருப்பதோடு சேர்க்கும் கட்டளை) இரண்டு முறை ஏறும்.