அமெரிக்க விற்பனை வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை மாதச் சந்தாவுக்கு அமெரிக்காவில் விற்கிறோம். அங்கே எங்களுக்கு ஆபீஸும் இல்லை, ஆளும் இல்லை. டெக்சாஸ் வாடிக்கையாளர் ஒருவர், ‘இன்வாய்ஸில் சேல்ஸ் டாக்ஸ் ஏன் இல்லை?’ என்று கேட்கிறார். ஏற்றுமதிக்குத்தான் வரி கிடையாதே? — வாசகர், கோவை

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம் என்பது இந்தியச் சட்டம் தரும் சலுகை. வாங்குபவரின் மாநிலம் போடும் வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்திய–அமெரிக்க இரட்டை வரி ஒப்பந்தமும் மாநில விற்பனை வரியைத் தொடுவதில்லை.

‘அங்கே ஆபீஸ் இல்லை’ என்ற பதில் 2018 ஜூன் 21 வரை செல்லுபடியானது. அன்று சவுத் டகோட்டா–வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் போதிய அளவு வியாபாரம் செய்தாலே அந்த மாநிலம் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தொடர்பைத்தான் ‘நெக்ஸஸ்’ என்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இதற்கான வரம்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் 5,00,000. நியூயார்க்கில் 5,00,000 டாலரைத் தாண்டுவதோடு 100 விற்பனைகளுக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

டெக்சாஸ் கடந்த 12 மாத மொத்த வருமானத்தைப் பார்க்கும். வரி விழாத விற்பனையும் அதில் சேரும், பலர் சறுக்கும் இடம் இதுதான். ஜூனில் வரம்பைத் தாண்டினால் அக்டோபர் 1-க்குள் பெர்மிட் (வரி வசூலிக்க மாநிலம் தரும் அனுமதி) வாங்கி வசூலைத் தொடங்க வேண்டும். பெர்மிட் கைக்கு வரும்வரை வரி போடாதீர்கள். பெர்மிட் இல்லாமல் வசூலிப்பது தனிக் குற்றம்.

வசூல் தொடங்கிய பிறகு கணக்கில் கவனம் வேண்டும். சந்தா மென்பொருளை டெக்சாஸ் ‘டேட்டா பிராசஸிங்’ சேவையாகக் கருதுகிறது. அதில் 20 சதவீதத்துக்கு விலக்கு உண்டு. 100 டாலர் சந்தா, வாடிக்கையாளர் ஆஸ்டினில் இருக்கிறார், அங்கே மொத்த வீதம் 8.25% என்றால், 80 டாலருக்கு மட்டும் வரி: 6.60 டாலர். பில்லிங் செட்டிங்கில் ‘பொதுப் பொருள்’ என்ற வகையில் விட்டுவிட்டால் 8.25 டாலர் விழும். கூடுதலாக வாங்கிய 1.65 உங்களுடையது அல்ல. வாடிக்கையாளருக்குத் திருப்ப வேண்டும், இல்லையேல் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும்.

கேள்வி: சந்தா மென்பொருளுக்கு எல்லா மாநிலங்களிலும் வரி உண்டா? — வாசகர், சென்னை

இல்லை. நெக்ஸஸ் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, விற்கும் சரக்குக்கு வரி உண்டா என்பது இன்னொன்று. நியூயார்க், பென்சில்வேனியா, வாஷிங்டன் மாநிலங்களில் உண்டு. கலிஃபோர்னியா, ஃபுளோரிடாவில் இல்லை. கனெக்டிகட்டில் தொழில் பயன்பாட்டுக்கு 1%, சொந்தப் பயன்பாட்டுக்கு 6.35%. கொலராடோ மாநிலம் வரி போடாவிட்டாலும் டென்வர் நகரம் போடும். இல்லினாய் விட்டாலும் சிகாகோ விடாது. ஆகவே முழு முகவரியை வாங்கி வையுங்கள். ஒரே ஜிப் கோடுக்குள் (அமெரிக்கப் பின்கோடு) இரண்டு வரி எல்லைகள் வருவது சகஜம்.

கேள்வி: பெட்ஷீட், மேஜை விரிப்புகளை அமேசான் கிடங்கில் இருப்பு வைத்து விற்கிறோம். வரியை அமேசானே பிடித்துக் கட்டிவிடுகிறது. இப்போது சொந்த வெப்சைட்டிலும் விற்கப் போகிறோம். அந்த விற்பனைக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா? — வாசகர், கரூர்

அமேசான் கட்டுவது அமேசான் வழி விற்பனைக்கு மட்டுமே. சொந்த வெப்சைட் விற்பனைக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதோடு, பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு கிடங்கில் இருப்பதே நெக்ஸஸ்தான். அங்கே 1,00,000 டாலர் வரம்பு உதவிக்கு வராது. அமேசான் தன் வசதிக்குச் சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும். எனவே, வெப்சைட்டைத் திறக்கும் முன், எந்தெந்த மாநிலக் கிடங்குகளில் இருப்பு இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை விற்பனையாளர் கணக்கிலிருந்து எடுங்கள். அந்த மாநிலங்களில் பதிவு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

பென்சில்வேனியாவில் உடைகளுக்கு வரி இல்லை என்று கேள்விப்பட்டு, சிலர் பெட்ஷீட்டுக்கும் அதையே பொருத்திவிடுகிறார்கள். பெட்ஷீட் உடை ஆகாது, வரி உண்டு.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வரம்பைத் தாண்டியும் வசூலிக்கவில்லை. உடனே பதிவு செய்துவிடலாமா? — வாசகர், மதுரை

அவசரப்படாதீர்கள். ரிட்டர்னே போடாத காலத்துக்குக் காலாவதி கிடையாது. எத்தனை ஆண்டு பின்னோக்கியும் மாநிலம் கேட்கலாம். இதற்கு ‘தானாக முன்வந்து தெரிவிக்கும் ஒப்பந்தம்’ என்ற வழி உண்டு. பொதுவாக 3 அல்லது 4 ஆண்டுக் கணக்கோடு முடித்து, அபராதத்தையும் தள்ளுபடி செய்வார்கள். மாநிலம் உங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டாலோ, நீங்களே முந்திப் பதிவு செய்துவிட்டாலோ, பெரும்பாலும் இந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே அமெரிக்க விற்பனை வரியில் பழகிய ஆடிட்டர் மூலம் கம்பெனிப் பெயரைச் சொல்லாமலேயே முதலில் மாநிலத்திடம் பேசுங்கள். வாடிக்கையாளர்களில் மறுவிற்பனைக்கு வாங்கியவர்களிடம் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு விற்றதற்கான வரி பாக்கியிலிருந்து கழியும். வசூலித்துவிட்டுக் கட்டாமல் வைத்த வரி இருந்தால் மட்டும் கதை வேறு. அதை எத்தனை ஆண்டுக்கு முந்தையதானாலும் முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: டெக்சாஸில் பதிவு செய்தோம். இந்த மாதம் விற்பனையே இல்லை. ரிட்டர்ன் தேவையா? — வாசகர், திருச்சி

தேவை. பூஜ்யம் என்றாலும் மறு மாதம் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். தாமதமானால், கட்ட வேண்டிய வரி ஒரு சென்ட்கூட இல்லாவிட்டாலும் 50 டாலர் அபராதம். நியூயார்க்கிலும் அதே 50 டாலர்.