1971 போரில் காணாமல் போன பெரியப்பா: இறப்புச் சான்று வாங்கினால் தேடும் உரிமை போய்விடுமா?

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாக இருந்த என் பெரியப்பா, 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் காணாமல் போனதாகத் தந்தி வந்தது. உடல் வரவில்லை. அவர் பெயரில் உள்ள நிலத்துக்குப் பட்டா மாற்ற இறப்புச் சான்று கேட்கிறார்கள். "பாகிஸ்தான் ஜெயிலில் இருந்தார் என்றால்?" என்று சொல்லிப் பெரியம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: தேடும் உரிமை போகாது என்பதை முதலில் பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்குத் தகவல் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் வரவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 111ஆம் பிரிவாக இருக்கிறது. இது அனுமானம் மட்டுமே. மறுக்கும் சான்று என்றைக்குக் கிடைத்தாலும் அது விலகிவிடும்.

பெரியம்மாவின் சந்தேகத்தை வீண் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின், 1972 டிசம்பர் 1 அன்று இந்தியப் போர்க்கைதிகள் 600க்கும் மேற்பட்டோர் வாகா வழியே திரும்பினார்கள்; இந்தியாவிடம் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பாகிஸ்தானியர் 1974க்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆயினும், திரும்பி வராத சிலர் பாகிஸ்தானின் காவலில் இருப்பதாக நம்பப்படுகிறது என்று 1979இல் மக்களவையிலேயே பெயர்ப்பட்டியல் வைக்கப்பட்டது. பின்னாளில் அந்த எண்ணிக்கை 54 என நிலைத்தது. அப்படி எவரும் தன்னிடம் இல்லை என்று பாகிஸ்தான் சொல்லிவருகிறது. 1983இலும் 2007இலும் உறவினர்கள் அங்குள்ள சிறைகளுக்கே நேரில் சென்றும் யாரையும் கண்டறிய முடியவில்லை.

முடிச்சு பதிவில்தான் இருக்கிறது. போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின்படி, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கைதியும் தான் பிடிபட்டதையும் தன் உடல்நிலையையும் எழுதிய அட்டை ஒன்றைக் குடும்பத்துக்கும், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஜெனீவா தேடல் பிரிவுக்கும் அனுப்ப வழிசெய்ய வேண்டும். அந்தச் சிறு அட்டை எழுதப்பட்டவரை மறைப்பது கடினம். எழுதப்படாமலே வைக்கப்பட்டவரைத் திருப்பிக் கேட்க, கேட்பவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பகைமை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்ற அதே உடன்படிக்கையின் 118ஆம் பிரிவு, இப்படிப்பட்டவர்களிடம்தான் வலுவிழந்துபோகிறது.

ஆகவே, தந்தியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். "காணவில்லை" என்று மட்டும் இருக்கிறதா, "காணவில்லை, இறந்ததாக நம்பப்படுகிறது" என்று இருக்கிறதா? இரண்டாவது வாசகம் இருந்தால், யாரோ ஒருவர் எதையோ பார்த்துச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. அந்த வாக்குமூலத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அவருடைய படை எண்ணைக் குறிப்பிட்டு, வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள். 20 ஆண்டுகளுக்கும் முந்தைய நிகழ்வு என்பதால், அச்சட்டத்தின் 8(3) பிரிவின்படி, தகவல் தர மறுப்பதற்கான விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தா. பாதுகாப்புக் காரணம் சொல்லப்படலாம், சொன்னால் மேல்முறையீடு செய்யுங்கள். கூடவே, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் தேடல் விண்ணப்பமும் கொடுங்கள். அவர் பெயர் ஏதேனும் முகாமில் பதிவாகியிருந்தால், அந்தத் தடம் அங்கேதான் கிடைக்கும்.

இறப்பை உறுதிசெய்து படைத்தரப்பு முன்பே ஆவணம் கொடுத்திருந்தால், நிலத்துக்காக வழக்குப் போட வேண்டிய தேவையே எழாமல் போகலாம். இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி, உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குத் தொடுக்க வேண்டும். இறந்த தேதியைச் சட்டம் அனுமானிக்காது என்பதால், மனுவில் ஏதோ ஒரு நாளைக் குத்துமதிப்பாக எழுதிவிடாதீர்கள். சிறையில் பார்த்தேன் என்று சொல்லிப் பணம் கேட்டு வருபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அன்றைய இளைஞருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர் உயிருடன் கிடைப்பார் என்று பெரியம்மாவுக்கு நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது. வழக்கு மனுவிலேயே "தேடல் தொடர்கிறது" என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி, அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.