சோலார் துறைக்கு மெட்டலர்ஜி போதுமா? மகளின் படிப்பு குறித்துக் கேட்ட தந்தைக்கு

ஐயா,

மகளுக்கு சோலார் துறையில் ஆசை, கிடைத்ததோ மெட்டலர்ஜி என்னும் உலோகவியல், எலெக்ட்ரிக்கல் கைநழுவிவிட்டதே என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தை விட்டுவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சிலிக்கான் சோலார் செல்லில் இன்னும் முடியாத வேலைகளில் முக்கியமானது உலோகம் சார்ந்தது.

கூரையில் உள்ள பேனலை அருகில் போய்ப் பாருங்கள். கருநீலச் செல்லின் மேல் மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும். உள்ளே பிறக்கும் மின்சாரத்தை வெளியே எடுத்து வருபவை அவைதான். ஆனால் உலோகம் சிலிக்கானை நேராகத் தொடும் இடத்தில் எலெக்ட்ரான்களும், எலெக்ட்ரான் இல்லாத காலி இடங்களான துளைகளும் ஒன்றுசேர்ந்து அழிந்துவிடுகின்றன, மின்னழுத்தம் குறைகிறது. 2013இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் இதற்கு ஒரு நல்ல வழியை முன்வைத்தது. சிலிக்கான் மேல் 1.5 நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய ஆக்சைடு படலம், அதன் மேல் மாசூட்டிய (மின்சாரம் கடத்த வேறு தனிமம் சிறிதளவு கலந்த) பாலிசிலிக்கான் என்ற பல படிகச் சிலிக்கான், அதற்கும் மேலே உலோகம். எலெக்ட்ரான் அந்த ஆக்சைடு படலத்தைக் கடந்துவிடும், உலோகமோ அடியிலுள்ள சிலிக்கானைத் தொடாது. டாப்கான் என்று தொழிற்சாலைகள் இன்று தயாரிப்பது இந்த வகையைத்தான்.

வெள்ளியின் விலை அடுத்த தலைவலி. செம்பு மலிவு, மின்சாரத்தையும் ஏறக்குறைய வெள்ளி அளவுக்குக் கடத்தும். ஆனால் சிலிக்கானுக்குள் ஊடுருவினால் செல்லையே கெடுத்துவிடும். அதைத் தடுக்க நடுவில் நிக்கல் போன்ற ஓர் அடுக்கு வேண்டும். இவற்றை மின்முலாம் முறையில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி, படிய வைக்கிறார்கள். எந்த அடுக்கு எதனுடன் ஒட்டும், எந்த வெப்பத்தில் எது எதற்குள் கரையும் என்பதெல்லாம் உங்கள் மகள் வகுப்பில் படிக்கப்போகும் பாடமே. மின்முலாமும் அடங்கும் மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் சிக்ரி ஆய்வகம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ப்ராஜெக்ட் செய்ய இடம் கேட்டு அங்கே எழுதச் சொல்லுங்கள். மும்பை ஐ.ஐ.டி.யிலும் ஒளிமின்னழுத்தத்துக்கென, அதாவது ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கென, தேசிய ஆய்வு மையம் ஒன்று உண்டு.

வேலை பற்றிக் கேட்டீர்கள். திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் டாடா பவர் குழுமத்தின் செல் ஆலை இயங்குகிறது. இத்தகைய ஆலைகளில் வெள்ளிப் பசையை அச்சிடுவது, உலையில் சுடுவது போன்ற பிரிவுகளுக்குப் பொறியாளர்கள் தேவை. இரவு ஷிப்டும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். வளாகத் தேர்வுக்கு இரும்பு, வார்ப்பு, வாகன உதிரிபாக நிறுவனங்களே அதிகம் வரும். சோலார் வேலையை அவளேதான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

புதிய செல்லை உருவாக்கும் ஆய்வுப் பணி வேண்டுமென்றால் பி.இ. போதாது. கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை; முனைவர் பட்டத்துக்கு இளநிலை ஆய்வாளராகத் தேர்வானால் 37,000 ரூபாய். ஆண்டுகள் ஆகும், ஆனால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழாது.

குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பேனல் பொருத்துவதையும் பராமரிப்பதையும் கற்றுத்தருபவை. நல்ல தொழில்தான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அதை அல்ல. அந்தப் பணத்தை ப்ராஜெக்டுக்குப் போய்வரும் பயணத்துக்கும் தங்கும் செலவுக்கும் எடுத்துவையுங்கள். சிலிக்கான் போன்ற பொருள்களைப் பற்றிய குறைக்கடத்தி இயற்பியல் விருப்பப் பாடமாக இருக்கிறதா என்பதைக் கல்லூரியில் சேரும் நாளன்றே துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.