ஏலத்தில் நொறுங்கிய லம்போர்கினி: வீட்டுக்கடனில் பணம் எடுத்து வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் சொந்தமாக, அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் பேனல் பீட்டிங் பட்டறை நடத்துகிறேன். காப்பீட்டு நிறுவனங்களின் விபத்து வண்டிகளை விற்கும் ஏலம் ஒன்றில், முன் இடப்பக்கம் அடிபட்ட லம்போர்கினி உராக்கான் ஒன்று வருகிறது. ஆவணத்தில் வாகனப் பதிவேட்டு வகை கோட் 3 என்று போட்டிருக்கிறார்கள். 1.2 மில்லியன் ராண்டுக்குக் கிடைக்கும் என நினைக்கிறேன். உதிரிப் பாகங்களுக்கு 800,000 ராண்ட் ஆகும், உழைப்பு என்னுடையது. அடிபடாத இதே வண்டி 3.4 மில்லியனுக்கு விளம்பரத்தில் நிற்கிறது. வீட்டுக்கடனில் கட்டியதைத் திரும்ப எடுக்க விடும் ஆக்ஸஸ் பாண்டிலிருந்து 1.4 மில்லியன், சேமிப்பிலிருந்து 520,000, ஓய்வூதியத்தில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய பகுதியான சேமிப்புப் பானையிலிருந்து 80,000 எடுத்தால் சரியாக இரண்டு மில்லியன் வருகிறது. பிறகு கோட் 2 ஆக, அதாவது சாதாரணமாகக் கைமாறிய வண்டியாக, பதிவை மாற்றித் தர ஆள் இருக்கிறார் என்றும் சொல்கிறார்கள். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. வாங்கலாமா?

பதில்: வணக்கம். இந்த வண்டியை இந்தப் பணத்தில் வாங்க வேண்டாம். உங்கள் கைத்திறமை மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்கில் இருக்கும் ஓர் எண்தான் என்னை நிறுத்துகிறது. அது பழுதுச் செலவும் அல்ல, ஏல விலையும் அல்ல, விற்பனை விலை. நீங்கள் வாங்கப்போவது கோட் 3 வண்டி. விற்பதாக எழுதியிருப்பதோ கோட் 2 வண்டியின் விலைக்கு. நீங்கள் எதிர்பார்க்கும் 1.4 மில்லியன் லாபத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டின் வாகனப் பதிவேட்டில் கோட் 1 புது வண்டி, கோட் 2 கைமாறிய வண்டி, கோட் 3 மீண்டும் கட்டி எழுப்பிய வண்டி, 3ஏ உதிரிப் பாகத்துக்கு மட்டும், கோட் 4 முற்றாக அழிக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 3 என்று விழுந்த வண்டி சட்டப்படி மறுபடி 2 ஆவதில்லை. நீங்கள் எவ்வளவு நேர்த்தியாகச் சீர்செய்தாலும், காவல்துறைச் சோதனையும் சாலைத் தகுதிச் சான்றும் பெற்றாலும், அந்த எண் வண்டியோடு கடைசி வரை வரும். மாற்றித் தருவதாகச் சொல்லப்படும் அந்த ஆளைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: அவர் விற்பது மோசடி, அதற்குப் பணம் கொடுப்பவரும் அந்த மோசடியில் கூட்டாளி. காப்பீட்டாளர்களின் சங்கம் விபத்து வண்டிகளின் பட்டியலைச் சேசிஸ் எண்ணைக் கொண்டு எவரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருப்பதால், மூன்று மில்லியன் கொடுக்கும் ஒருவர் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்காமல் கொடுப்பார் என்று நம்புவதும் வீண்.

கோட் 3 வண்டிக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் கொடுப்பதில்லை. காப்பீடு செய்பவர்களும் ஒன்று மறுப்பார்கள், அல்லது சந்தை மதிப்பைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். ஆகவே உங்களிடம் வாங்க வருபவர் முழுத் தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பணம் கையில் இருந்தும் பழுதுபார்த்த லம்போர்கினியே போதும் என்று நினைப்பவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேரம் பேசத் தெரிந்தவர்கள், அவசரமும் இல்லாதவர்கள். வட்டி கட்டிக்கொண்டிருக்கும் நீங்கள்தான் அவசரத்தில் இருப்பீர்கள். ஒரு பேச்சுக்கு, அடிபடாத வண்டியைவிட 30 விழுக்காடு குறைவாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 3.4 மில்லியன் 2,380,000 ஆகிறது.

இனிச் செலவுப் பக்கம். ஏலத்தில் கூவும் விலையோடு முடிவதில்லை. பல ஏலங்களில் வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடு அதன் மேல் ஏறும். அதற்கும் மேல் ஏலக் கட்டணம் உண்டு, அதற்கும் வாட் உண்டு. கட்டணத்தை 5 விழுக்காடு என்று வைத்தால் 1,200,000 என்பது 1,449,000 ஆகிவிடுகிறது. உதிரிப் பாகத்துக்கு நீங்கள் சொன்ன 800,000 ஐ அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மொத்தம் 2,249,000. உங்கள் கையில் வருவதோ இரண்டு மில்லியன்கூட இல்லை. சேமிப்புப் பானையிலிருந்து எடுக்கும் 80,000 உங்கள் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுவதால், 31 விழுக்காட்டு அடுக்கில் இருக்கும் உங்களுக்கு 24,800 வரியாகவே போய்விடும். அதாவது வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கும் நிலையில், 273,800 ராண்ட் பற்றாக்குறையோடு பணம் தீர்ந்துபோகும். பாதி பிரித்த லம்போர்கினியை விற்கப் போனால், வாங்கிய விலையில் எவ்வளவு திரும்பும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஆக்ஸஸ் பாண்டில் எடுப்பது கடன் மாதிரியே தோன்றாது. செயலியில் இரண்டு முறை தொட்டால் பணம் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் வட்டி 10.5 விழுக்காடு என்று கொண்டால், 1.4 மில்லியனுக்கு ஆண்டுக்கு 147,000, சீர்செய்து விற்க ஒன்றரை ஆண்டு ஆனால் 220,500. இதையும் சேர்த்தால் உங்கள் அடக்கவிலை 2,469,500 ஆகிறது. 2,380,000 க்கு விற்றால் 89,500 நட்டம். ஏல விலையிலேயே வாட் அடங்கியிருந்தால் 90,500 மிஞ்சும், உண்மைதான். அதுவும் ஒன்றரை ஆண்டு கூலியில்லாமல் உழைத்து, பட்டறையில் ஒரு வேலையிடத்தை அடைத்துவைத்து, பாகச் செலவு ஒரு ராண்ட்கூட ஏறாமல் இருந்தால். பாகச் செலவு பாதியளவு ஏறி 1.2 மில்லியன் ஆனால், முதல் கணக்கின்படி நட்டம் 489,500.

அது ஏறும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய படங்களே. மூன்றாவது படத்தில் இடப்பக்கக் கதவுக்கும் முன் மட்காப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேலே விரல் நுழையும் அளவுக்கு அகலமாகவும் கீழே ஏறக்குறைய ஒட்டியும் இருக்கிறது. நான் பட்டறைக்காரன் அல்லன். ஆயினும் பம்பரும் விளக்கும் மட்டும் அடிபட்ட வண்டியில் கதவு இடைவெளி கோணுவதில்லை என்பது எனக்கும் தெரியும். 2014 இல் வெளிவந்த உராக்கானின் சட்டகம் அலுமினியமும் கார்பன் இழையும் சேர்ந்தது. இருக்கைகளுக்கு நடுவே சுரங்கம்போல் நீளும் பகுதியும் அவற்றுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரும் கார்பன். முன்பக்க அலுமினியத்தை வெட்டி மாற்றலாம், அதற்கும் வண்டியைப் பொருத்தி அளவு பார்க்கும் சட்டகம் வேண்டும், இரும்புத் தூள் பறக்காத தனியிடமும் தனிக் கருவிகளும் வேண்டும். இரும்பு வண்டிகள் பக்கத்திலேயே கிரைண்டர் தீப்பொறி பறக்க நிற்கும் உங்கள் பட்டறையில் அந்த இடம் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அடியின் வேகம் கார்பன் பகுதி வரை போயிருந்தால் அதைத் தட்டி நிமிர்த்த வழியில்லை. இதை ஏலக் களத்தில் சுற்றி நடந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பிரித்த பிறகுதான் தெரியும், பிரிக்கும்போது வண்டி உங்களுடையது.

நீங்கள் பார்ப்பதாகச் சொன்ன அமெரிக்கக் காணொளிகளில் இதெல்லாம் எளிதாக முடிவதற்கு ஒரு காரணம், அங்கே அடிபட்ட வண்டிகளும் கழற்றிய பாகங்களும் குவிந்து கிடப்பது. நமக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. பழைய வண்டிகளை இறக்குமதி செய்ய அனுமதி அரிது. விரிந்துவிட்ட ஏர்பேக்கோடு சேர்த்து மாற்ற வேண்டிய டாஷ்போர்டோ அங்கிருந்து வந்தால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியினுடையதாக இருக்கும். வலப்பக்கத்துக்கு பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ தேட வேண்டும். வெளிநாட்டு விலை, கப்பல் கூலி, சுங்கம், வாட், அன்றைய ராண்ட் மதிப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும். உங்கள் பட்டியலில் எல்இடி விளக்கும் ரேடியேட்டரும் இருக்கின்றன. சீட் பெல்ட் இழுப்பான்களும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லை. இந்த மாதிரியின் பல வகைகளில் கார்பன்-செராமிக் பிரேக் வட்டுகளே இயல்பாக வருபவை. முன் இடச்சக்கரம் உள்ளே சாய்ந்து நிற்கும் இந்த வண்டியில் பிரேக் வட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பழைய பாகம் எதை வாங்கினாலும் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும், காவல்துறைச் சோதனையில் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

பிறகு குறை சொல்லிக்கொண்டு ஏலக்காரரிடம் திரும்பப் போகவும் முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் தரத்துக்கான 55 ஆம் பிரிவு, ஏலத்தில் வாங்கிய பொருளுக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஏல விதிகளிலும் ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற அந்தப் பழைய சொல் இருக்கும். இருக்கிற நிலையிலேயே வாங்கினீர்கள் என்று பொருள்.

வரியையும் நினைவில் வையுங்கள். சொந்தப் பயனுக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் லாபத்துக்கு விற்கும் நோக்கத்தோடு வாங்குவதாக எனக்கே எழுதிவிட்டீர்கள். வரித்துறையான சார்ஸ் அதை வருமானமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

காப்பீடு இல்லாமல் ஒன்றரை ஆண்டு அந்த வண்டி பட்டறையில் நிற்பது எனக்குப் பெரிய கவலை. 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் டர்பனில் இருந்து பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலவரச் சேதத்துக்கு அரசு நிறுவனமான சாஸ்ரியா தரும் காப்பு அடிப்படைக் காப்பீட்டோடு ஒட்டிக்கொண்டு வருவது. அடிப்படை இல்லையென்றால் அதுவும் இல்லை. பட்டறைக் காப்பீட்டில் சொந்த வண்டியாக நிற்கும், ஓடாத, பிரித்துப் போட்ட ஒன்றுக்கு எவ்வளவு தருவார்கள் என்று தரகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

என் சித்தப்பாவும் ஒரு காலத்தில் நொறுங்கிய டொயோட்டா க்ரெசிடா ஒன்றை மலிவாக வாங்கி, வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, ஓராண்டு தட்டிச் சரிசெய்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் முன் டயர்களின் உள்விளிம்பு சில மாதத்துக்கொரு முறை கம்பி தெரியத் தேய்ந்தது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் குனிந்து அந்த டயரைத்தான் பார்த்தார்கள். அது க்ரெசிடா என்பதால் சித்தப்பாவே பதினோரு வருடம் ஓட்டித் தீர்த்தார். உராக்கானை அப்படி ஓட்டித் தீர்க்க முடியாது.

வண்டி வாங்கி விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் கைக்குப் பழக்கமான ஹைலக்ஸ் பேக்கியோ (பிக்கப் வண்டி), போலோ காரோ என்றால், பாகம் ஊருக்குள்ளேயே கிடைக்கும், கோட் 3 ஆனாலும் ரொக்கம் கொடுத்து வாங்கும் ஆட்கள் நிறைய உண்டு, கணக்குத் தப்பினாலும் நட்டம் பட்டறை வருமானத்துக்குள் அடங்கும். சேமிப்பில் இருக்கும் 520,000 இல் ஆறு மாதக் குடும்பச் செலவை ஒதுக்கிவிட்டு, மீதியில் ஒரே ஒரு வண்டியில் தொடங்குங்கள். தொழிலாகவே தொடர்ந்து வாங்கி விற்பதானால், பழைய பொருள் விற்போருக்கான 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையில் பதிவுசெய்ய வேண்டும். வீட்டுக்கடனைத் தொட வேண்டாம், ஓய்வூதியப் பானையையும் தொட வேண்டாம்.

வீடு இருவர் பெயரிலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து 1.4 மில்லியன் எடுப்பதாக இருந்தால், ஏலத்துக்குப் பதிவுத் தொகை கட்டுவதற்கு முன் உங்கள் மனைவியோடு அமர்ந்து மேலே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், 3.4 மில்லியனை அடித்துவிட்டு, கோட் 3 க்கு நீங்களே நேரில் விசாரித்து அறிந்த விலையை அந்த இடத்தில் எழுதுங்கள். ஹைலக்ஸ் ஏதாவது கண்ணில் பட்டால் அதன் கணக்கை எனக்கு அனுப்புங்கள், கதவு இடைவெளி தெரியும்படி ஒரு படமும் சேர்த்து.