வட்டாரப் பேண்டு போட்டியில் எங்கள் பள்ளிக் குழுவுக்கு வெள்ளிதான் கிடைத்தது. இதைச் சாதனை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். உங்கள் பிள்ளை அந்தக் குழுவில் இருக்கிறார், வீட்டில் யாரோ "தங்கம் வரவில்லையே" என்று முகம் சுளித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பேண்டுப் போட்டிகள் பலவற்றில் வெள்ளி என்றால் இரண்டாமிடம் இல்லை, அது ஒரு தரம். ஜப்பானின் தேசியப் போட்டியில் இறுதிச் சுற்றில் வாசிக்கும் எல்லாக் குழுவுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ஏதாவது ஒன்று உண்டு. தங்கமே பல குழுக்களுக்குப் போகும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மா, அப்பா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போன ஆண்டே என் கையில் ஒரு பழைய யூஃபோனியத்தை, அதாவது ஒரு பித்தளை ஊதுகருவியை, கொடுத்தார்கள். தகரக் கூரை மண்டபத்தில், வேர்வை சொட்டச் சொட்டப் பயிற்சி. போட்டியோ ஈப்போவில், குளிர்சாதன மண்டபத்தில். முதல் ஆண்டு மேடையில் ஊதிய முதல் சுரமே சிதறிப்போனது. காற்று குளிர்ந்தால் ஊதுகருவியின் சுருதி இறங்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட்; சென்ட் என்பது சுருதியை அளக்கும் அலகு. 100 சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச்சுரம். எல்லாக் கருவியும் ஒரே அளவில் இறங்கினாலாவது சமாளிக்கலாம், அப்படியும் இறங்காது. வெறுங்கையோடு திரும்பினோம்.

மறு ஆண்டு ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கூப்பிடும் வரை சத்தம் வராமல் ஊதிக்கொண்டே இருங்கள்." நாற்பது பேரும் மேடைக்குப் பின்னால் இருட்டில் நின்று கருவிக்குள் சூடான மூச்சை விட்டோம். அன்று முதல் சுரம் ஒரே குரலாக எழுந்தது. வெள்ளி வாங்கினோம். அப்பா அந்தச் சான்றிதழை லயத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

பேண்டால் படிப்பு கெடும் என்பவர்களுக்கு: இங்கே அரசுப் பல்கலைக்கழக நுழைவில் பேண்டு போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறது. எல்லாரும் பேண்டில் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இது வெள்ளைக்காரன் வாத்தியம் என்றும் சிலர் கிளம்புவார்கள். கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதம் வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது யாருடைய வாத்தியம்?

வாத்தியம் என்றதும் இன்னொன்று. எங்கள் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் ஒலிபெருக்கி வாடகைக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள். அதில் பாதியைப் போட்டு நம் பிள்ளைகள் நான்கு பேருக்கு நாதஸ்வரம் கற்றுக்கொடுங்கள் என்று கூட்டத்தில் மூன்று முறை எழுந்து கேட்டுவிட்டேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்ணே" என்பார்கள். இந்த ஆண்டும் ஒலிபெருக்கிதான். இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் பிள்ளை என்ன வாசிக்கிறார்? டியூபா என்றால், அடுத்த போட்டியில் மற்றவர்களுக்கு முன்பே ஊதத் தொடங்கச் சொல்லுங்கள். பெரிய டியூபாவின் குழாய் நீளம் சுமார் 18 அடி. சூடேற நேரமெடுக்கும்.